கரோலின் வண்டியும் ஒரு மெழுகுவத்தியும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எங்கள் ஊரின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஒரு பெண் சத்தமே இல்லாத மோட்டார் சைக்கிளில் என்னை முந்திப் போனாள். புகை இல்லை, பின்னால் தண்ணீர் சொட்டியது. என் ஸ்கூட்டர் இருமிக்கொண்டே வீடு வந்தது. எழுத உட்கார்ந்தேன்.

'காலை வெயில் சயனைடு மேட்டின் மேல்' (வேண்டாம். கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கம் என்றாலே எல்லாரும் அந்தக் கழிவு மேட்டில்தான் ஏறுகிறார்கள்.)

'ஹைட்ரஜன் என்பது எடை குறைந்த' (நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

2

அவளுக்குக் கரோலின் என்று பெயர் வைத்தேன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஊரின் கோரமண்டல் பகுதியில் ஒரு லேபில் சேர்ப்பவள். வண்டி இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. அவளுடைய பழைய வண்டி படுத்துவிட்டது. பெங்களூர்க் கம்பெனி ஒன்று, ஊருக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்லி புகைக்குப் பதில் தண்ணீர் விடும் ஹைட்ரஜன் வண்டியை ஒரு மாதத்துக்குக் கொடுத்திருக்கிறது. மாதம் முடியும் சனிக்கிழமை கம்பெனி அதிகாரி வருவார். பத்திரமாக வைத்திருந்தால் வண்டி அவளுக்கே.

வீட்டில் மாமனார் பர்னபாஸ். இருபது வருஷம் சுரங்கத்தில் இறங்கியவர். (புராட்டஸ்டண்ட். கதைக்குத் தேவையில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.)

3

அணைத்ததும் வண்டி 'புஸ்' என்று மூச்சு விடும்.

"கேஸ் லீக் ஆவுது," என்றார் பர்னபாஸ்.

"அது அப்படித்தான் விடும் மாமா. கம்பெனிக்காரங்களே சொன்னாங்க."

"அவுங்க இன்னா, ஷாஃப்ட்ல இறங்கினவங்களா?"

சனிக்கிழமை காலை, அதிகாரி நந்தகுமாரை ஸ்டேஷனிலிருந்து நடத்தி அழைத்து வந்தாள். வாசலில் அவளுக்கு உயிரே போய்விட்டது. வண்டியை ஒட்டித் தரையில் மெழுகுவத்தி எரிகிறது. பக்கத்தில் மாமா குந்தியிருக்கிறார்.

சுரங்கத்தில் அவர் கற்றது இது: அடி லெவலில் காற்று கெட்டிருந்தால் சுடர் அணையும். ஹைட்ரஜன் சுடரை அணைக்காது, பற்றிக்கொள்ளும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"பாரும்மா, அணையவே இல்ல. நல்ல வண்டி," என்றார். ஒரு மாதத்தில் முதல் பாராட்டு.

4

'வெடித்தது' (எழுதி, அடித்துவிட்டேன். இந்த ஊர் கேட்ட வெடிச்சத்தம் போதும்.)

'நந்தகுமார் அதைப் பார்க்கவில்லை' (சம்பளம் வாங்குகிறவர், பார்ப்பார்.)

கரோலின் பாய்ந்தாள். சொட்டும் தண்ணீருக்காக வண்டியடியில் வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துச் சுடரில் கவிழ்த்தாள். வண்டி விட்ட தண்ணீரே வண்டியைக் காப்பாற்றியது. இங்கேயே முடித்திருக்கலாம், ஆனால் திரி புகைந்துகொண்டிருந்தது.

"என்ன மேடம் இது, கேண்டல்?"

"புது வண்டி சார். ஜெபம் பண்ணி ஏத்தினோம்."

நந்தகுமார் முகம் இளகியது. அவரும் தன் வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியவர்தான். பேனா படிவத்தில் இறங்கியது.

பர்னபாஸ் எழுந்தார். "பொய் சொல்லாதம்மா. நாங்க புராட்டஸ்டண்ட்டுங்க சார். மெழுகுவத்தி ஏத்தி வேண்டுற வழக்கம் நம்ம வீட்ல கெடையாது."

பேனா நின்றது.

5

தப்பு என்னுடையது. இரண்டாம் பகுதிக்குப் போய் ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது. மரியாதைக்காகப் பர்னபாஸிடம் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் கத்தோலிக்கரா இருங்களேன்."

"நீ பாட்டுக்கு எழுதிடுவ. ஞாயித்துக்கெழம நான் எங்க போறது?"

அந்தச் சொல்லை மாற்றாமல் விட்டேன். நந்தகுமார் வாயைத் திறக்கிறார்: "அப்ப இது எதுக்கு ஏத்தினீங்க?" கரோலின் என்னை நம்புவதை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கிறாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, ஊரின் பாலகாட் பகுதியில் ஒரு சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றில் அவளுக்காகக் காத்திருப்பார்.

நல்ல பொய்யாக ஒன்று சொல்லுங்கள். மாமா காதில் மட்டும் விழக் கூடாது.