ஒண்ணுமில்ல டாக்டரின் காது

குடும்ப டாக்டரின் வலது காதிலிருந்து அடுத்தவர்கள் பேச்சு வெளியே வர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினான்காம் டோக்கன் உள்ளே இருந்தபோது. முதலில் வந்தது ஒரு லாரி மெக்கானிக்கின் குரல். "வயித்துவலி சும்மா டாக்டர், என் பையன் என்கூடப் பேசி மூணு மாசமாச்சு" என்றது, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல. மெக்கானிக் அதைச் சொல்ல வாயெடுத்தது நாலு வருஷத்துக்கு முன்னால். பாதியிலேயே "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான். வட்டாரத்தில் அவருக்குப் பெயரே ஒண்ணுமில்ல டாக்டர். கைராசிக்காரர், நல்ல மனுஷர், ஆனால் ஒருத்தரையும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. இருபது வருஷமாக அவர் வெட்டிவிட்ட மிச்சமெல்லாம் இப்போது வெட்டிய இடத்திலிருந்து தொடர்ந்தது.

நர்ஸம்மா பஞ்சை வைத்து அடைத்தார். பஞ்சையும் மீறிக் கேட்டது. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அழுக்கில்லை என்று எழுதிக் கொடுத்தார். வீட்டில் சாப்பிடும்போது மனைவியின் குரலே வந்தது, கல்யாணமான இரண்டாம் வருஷத்துக் குரல். மனைவி கரண்டியும் கையுமாக அப்படியே நின்று, "அட, இதைத்தானே அன்னைக்குச் சொல்ல வந்தேன்!" என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை கேட்டார். டாக்டருக்குத் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

அந்த வருஷம்தான் சுகாதாரத் துறை குடும்ப டாக்டர்களுக்கு எட்டு சனிக்கிழமை வகுப்பு வைத்தது, நோயாளியின் மனசையும் தன் மனசையும் புரிந்துகொள்வதற்கு. பதினொரு டாக்டர்கள் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் தன்னை உறுத்தும் நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மருந்து மட்டும் சொல்லக்கூடாது. நடத்தியவர் ஒரு மனநல டாக்டரம்மா, அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்கு மகள் வயசு. "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று முதலாமவரைக் கேட்டார். "நூத்தைம்பதுக்குத் தொண்ணூறு" என்றார் அவர். "அது அவங்களுக்கு சார். உங்களுக்கு?" முதலாமவர் யோசித்து, தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்து, "எண்பத்திரண்டு" என்றார். நாலு சனிக்கிழமை இந்த லட்சணத்தில் போனது.

ஐந்தாம் சனிக்கிழமை நம் டாக்டரின் முறை. அவர் எடுத்துக்கொண்டது ஒரு தையல்காரம்மாவை. "தலைவலி. பதினொரு தடவை வந்தாங்க. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மா தன் ஒன்பது வயசு மகளைக் காய்ச்சலோடு கூட்டி வந்ததையும், அவர் ஒண்ணுமில்ல என்று வீட்டுக்கு அனுப்பியதையும், மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை போய்ச்சேர்ந்ததையும் சொல்லவில்லை. முதல் நாளில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று விசாரணைக் காகிதத்தில் எழுதியிருந்தது. அதை அவர் நம்பினார்; ஆனாலும் அதற்குப்பிறகு அந்த அம்மாவின் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே காதிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது: "டாக்டர், என் பொண்ணு போனப்ப நீங்க..." டாக்டர் பளாரென்று உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டார். பத்து டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை எடுத்தபோது சத்தமே இல்லை. பன்னிரண்டாவது தடவையாக அந்த அம்மாவின் வாயை அடைத்தாயிற்று.

"இப்ப எப்படி இருக்கு சார்?" என்றார் டாக்டரம்மா. "வெட்கமா இருக்கு" என்றார் அவர். எண் சொல்லாமல் அந்த அறையில் வந்த முதல் பதில் அதுதான். பிறகு காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

அதற்கப்புறமும் காது ஊரார் பேச்சையெல்லாம் பேசியது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பேசவில்லை. அதன் முடிவு தனக்குத் தெரியும் என்றுதான் டாக்டர் நினைத்தார். நீங்கதான் கொன்னீங்க என்பதைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது? இரண்டு வாரம் அதையே அசைபோட்டுவிட்டு, ஏழாம் சனிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் தையல் கடைக்குப் போனார். தையல்காரம்மா மிஷினை நிறுத்தவில்லை.

"அன்னைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லுங்கம்மா. நான் குறுக்க பேச மாட்டேன்."

அந்த அம்மா தையலை ஓரம்வரை ஓட்டி முடித்து, நூலை அறுத்தார்.

"என் பொண்ணு போனப்ப நீங்க அழுதீங்களா டாக்டர்? அதான் கேக்க வந்தேன். அவ எங்களுக்கு மட்டும்தான் போனாளா, உங்களுக்கும் போனாளான்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் பதினொரு தடவை வந்தேன். தலைவலியெல்லாம் ஒரு சாக்கு."

அப்போது டாக்டரின் காதிலிருந்து ஒரு கேவல் வந்தது, ஆம்பிளைக் குரலில். இன்னொன்று வந்தது. பிள்ளை போன தகவல் வந்த அன்றைக்கு, வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று மருந்து அறையில் நின்று அவர் விழுங்கிய அழுகை, ஏழு வருஷம் கழித்து, ஒரு சொட்டுக் குறையாமல் வந்துகொண்டிருந்தது. தையல்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, வலது பக்கமாக வந்து நின்று கேட்டார்.

ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண் வாசலிலேயே நின்று, "என்னக்கா சத்தம்?" என்றாள்.

"டாக்டர் அழுறாரு. உள்ள வந்து உக்காரும்மா, அவர் முடிக்கட்டும்" என்றார் தையல்காரம்மா. அந்தப் பெண்ணும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.