கேட்காமல் அவிழ்க்காதே

இதோ மறுபடியும்… சட்டைப் பைக்குள் கிடந்து அதிர்கிறது, இது மூன்றாவது தடவை, பக்கத்தில் இருக்கும் றஊப் காக்கா கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி என் நெஞ்சைப் பார்க்கிறார், மௌலவி மிம்பர் மேடையில் நின்று கல்யாண வீட்டு வீண் செலவுகளைப் பற்றிக் குத்பாப் பிரசங்கத்தை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார், இனி இருபது நிமிடமாவது போகும், எனக்கு நேரே தூணில் அந்த அறிவித்தல் வேறு, குத்பா வேளையில் கையடக்கத் தொலைபேசிகளை முற்றாக நிறுத்திவைக்குமாறு சகலரும் தயவாய்க் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்… எழுதியது யார், நான்தான், மட்டை வைத்து ஒட்டியதும் நான்தான், பாடசாலையில் இருபத்திரண்டு வருடம் இலிகிதனாக இருந்தவனைப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் போட்டால் எழுத்து வேலை முழுக்க அவன் தலையில்தானே விழும். முற்றாக நிறுத்திவைக்குமாறு என்று ஊருக்கு எழுதியவன் தன்னுடையதை நிறுத்தாமல், அதிர்வில் போட்டுக்கொண்டு, முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறான். வேறு என்ன செய்ய, ஆற்றில் கூட்டுக்குள் மீன் கிடக்கிறது.

ரெத்தினம்தான், வேறு யார், இப்படி விடாமல் எனக்கு அழைக்க அவனை விட்டால் ஆளில்லை. அழகரெத்தினம், பெரியநீலாவணைக்காரன், என்னோடு பங்குக்கு மீன் வளர்க்கிறவன். ஆறு கடலுக்குக் கிட்ட வந்து மூன்று கிளையாகப் பிரிகிற இடத்தில், நடுக் கிளையில், ஆறு வருடமாக எங்கள் வலைக்கூடு மிதக்கிறது, நாலு மூலையிலும் நீலப் பீப்பா, நாலு மூலையிலும் கயிறு, கயிற்றைக் கட்டிய கம்புகள் சேற்றுக்குள். உள்ளே தொள்ளாயிரம் கொடுவா, பதினொரு மாதம் வளர்ந்தவை, பன்னிரண்டு நாள் பொறுத்தால் தூக்கி விற்கலாம்… இப்போது என்ன கேட்கப் போகிறான், ஒரு மாதமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறானே, அதைத்தான் கேட்பான். சேர், வலையில பாசி கிடக்கு, கழுவட்டா? சேர், ஒரு பீப்பா சரிஞ்சு கிடக்கு, நிமித்தட்டா? சேர், தோணியக் கரைக்கு இழுத்து வெக்கட்டா? அவனுடைய சொந்தத் தோணி அது, அதை இழுத்து வைக்க என்னிடம் அனுமதி. சேராம் சேர்… சின்ன வயதிலிருந்து மச்சான் என்று கூப்பிட்ட வாய்தான் அது, சேர் என்று சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது, அதுதான் எனக்கு எரிச்சல், நக்கல் என்றால் நக்கலாகவாவது சிரிக்கலாமே.

நான் சொன்னது ஒரேயொரு வசனம்தான், இனிமே என்னக் கேக்காம கூட்டுல கை வெக்கப்படா, கயித்தத் தொடப்படா, அவ்வளவுதான், இதில் என்ன பிழை, இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா? கொப்பியில் கோடு கீறிக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், காலை ஆறு மணி, பகல் பன்னிரண்டு, பின்னேரம் நாலு, தண்ணீரின் சூடு எத்தனை பாகை, மீனுக்குப் போட்ட தீன் எத்தனை கிண்ணம். போன மாதம் போய்ப் பார்க்கிறேன், மூன்று நாள் கட்டம் வெறுமை. கேட்டால், தண்ணி முப்பத்தி மூணுக்குப் போயிட்டு மச்சான், கொதிக்கக்குள்ள தீன் போட்டா மீனுக்கு மூச்சு முட்டும், திண்டது செமிக்கிறத்துக்கும் மூச்சு வேணுமே, எண்டுதான் நிப்பாட்டினன் என்கிறான், சர்வ சாதாரணமாக. அதற்கு நான்… நான் என்ன கேட்டேன், அப்ப அந்த மூணு நாள் தீனும் எங்க ரெத்தினம் என்று கேட்டேன். எங்கே என்று கேட்டது ஒரு குற்றமா, எங்கே என்றால் எங்கே, நான் வேறொன்றும் சொல்லவில்லையே. அவன் கொட்டிலின் கதவைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றான், மூட்டை உள்ளே கிடந்தது, வாய் தைத்தபடி, நூல்கூடப் பிரியவில்லை, நான் கண்டதை அவன் கண்டான். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சரி மச்சான் என்றாவது, ஆனால் என் வாயில் வந்தது இந்த வசனம்தான், இனிமே என்னக் கேக்காம. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து நான் சேர்.

நாலாவது தடவை. அதிர்கிறது, அதிர்கிறது, நின்றுவிட்டது… றஊப் காக்கா இந்தத் தடவை தொண்டையைச் செருமுகிறார், செருமுங்கள், உங்களுக்கென்ன, உங்கள் கடை அரிசி மூட்டைகளுக்கு மூச்சு முட்டாது. காலையில் போனபோதே பார்த்தேன், ஆறு மணிக்கே முப்பத்தொன்று, விடியற்காலையில் முப்பத்தொன்று என்றால் இப்போது முப்பத்து நான்கு இருக்கும், கட்டத்துக்குள் எழுதிவிட்டு வந்தேன், எழுதினால் தண்ணீர் ஆறிவிடுமா? ஒரு கிழமையாக மேற்கிலிருந்து வறுத்தெடுத்த கச்சான் காற்று நேற்றோடு நின்றுவிட்டது, ஊரில் எல்லோரும் அப்பாடா என்றார்கள், என் மனைவி றாஹிலாகூட இன்றைக்குத்தான் மணல் விழாமல் உடுப்புக் காயுது என்றாள், ரெத்தினம் மட்டும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். காற்று அடித்தால் தண்ணீர் அலையும், அலைந்தால் அதற்குள் கொஞ்சம் மூச்சு இறங்கும், காற்றுச் செத்தால் தண்ணீர் அப்படியே கிடந்து வேகும், சூடு ஏற ஏறத் தண்ணீருக்குள் மூச்சுக் குறையும், அதே சூட்டில் மீனுக்கு மூச்சு கூடுதலாகத் தேவைப்படும், இரண்டு பக்கமும் இழுபட்டு நடுவில் சாகிறது மீன், இதை எனக்குச் சொல்லித் தந்தது புத்தகம், அவனுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வெப்பமானி பக்கத்தில் தொங்க, அவன் தண்ணீருக்குள் இறங்கி நின்று, மேல் தண்ணி தொடையச் சுடுது, கீழ் தண்ணி குளிருது, ஆனா மணக்குது என்பான், நான் அதை எந்தக் கட்டத்துக்குள் எழுத.

கடலோரத்தில் ஆற்றை மறித்துக் கிடக்கும் மணல்மேட்டை வெட்டிவிட்டால் ஒன்றுமில்லை, ஆற்றுவாய் திறந்து கடல் உள்ளே வரும், ஒரு இரவில் எல்லாம் ஆறும், வெட்டுங்கள் என்று நான் ஏழு கடிதம் எழுதினேன். வயல்காரர்கள் உப்பு ஏறும் வெட்டாதே என்கிறார்கள், அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, சிறுபோக அறுவடை முடிந்து வாய்க்கால்களில் வடிச்சல் தண்ணீரும் வரவில்லை, கடிதம் போன கந்தோரில் ஒருவர் அடுத்த கூட்டத்தில் எடுப்போம் என்கிறார், இன்னொருவர் மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று என்கிறார், மேலிடம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா, நானே எத்தனை கடிதத்தை மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று என்று சொல்லி மேசை லாச்சிக்குள் போட்டிருக்கிறேன். மீன் கடிதம் பார்த்துக்கொண்டா இருக்கும். காலையில் ரெத்தினம் தண்ணீரைப் பார்த்தபடி, என்னைப் பாராமல், சொன்னான்… காத்துச் செத்துப் போச்சு சேர், வடக்குக் கிளைக்கு இழுத்தா நல்லம். வடக்குக் கிளை ஆழம், மணல்மேட்டுக்குக் கிட்ட, கடல் பொங்கினால் மேட்டைத் தாண்டிக் கொஞ்சம் உப்புத் தண்ணீர் விழும், குளிர்ச்சி இருக்கும், நாலு கயிற்றையும் அவிழ்த்துத் தோணியில் கட்டி இழுத்தால் முக்கால் மணித்தியாலம், அவன் தனியாகவே செய்வான். நான் என்ன சொன்னேன், ஜும்ஆவுக்குப் பொறகு வாறன், வந்து பாப்பம், அதுவரைக்கும் கயித்த அவுக்காத. ஏன் அப்படிச் சொன்னேன், வலை கிழியும் என்றா, மூன்று வருடத்துக்கு முதல் ஒரு தடவை கிழிந்ததுதான், அதனாலா… இல்லை, அவன் சொல்லி நான் ஓம் என்றால் போன மாதமும் அவன்தான் சரி என்று ஆகிவிடும், அதனாலா?

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை மண்ணில் கொட்டுகிறோமே என்று மௌலவி கேட்கிறார், பின்வரிசையில் யாரோ ஒரு குழந்தை வாப்பா வாப்பா என்கிறது, ஐந்தாவது தடவை அதிர்கிறது. பாசிக்கு ஐந்து தடவையா? பாசிக்கு என்றால் ஒரு தடவை அழைப்பான், எடுக்காவிட்டால் விட்டுவிடுவான்… நில், இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆறு வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட ரெத்தினம் இந்த நேரத்தில் எனக்கு அழைத்ததில்லை. இந்தக் கோபத்தின் நாலு வெள்ளியும்கூட, பன்னிரண்டு மணிக்கு முதல் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடித்து, தொழுதிட்டு வாங்க சேர், மறுகா கேக்கிறன் என்று தானே வைத்துவிடுவான். நான் எடுக்க மாட்டேன் என்று தெரிந்த நேரத்தில் ஐந்து தடவை அழைக்கிறான், அப்படியென்றால் மீன் மேலே வந்துவிட்டது, தொள்ளாயிரமும் வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால், இரண்டாம் வருடம் ஒரு தடவை கண்டேனே, வெள்ளை வெள்ளையாக வாய்கள், சத்தம்கூட வரும், சப் சப் என்று. அவன் தோணியில் நிற்கிறான், கயிறு கைக்கெட்டின தூரத்தில், அவிழ்க்கவில்லை, கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

எழும்பிப் போகலாம், பின்னால் ஒன்பது வரிசை, தோள்களைத் தாண்டிப் போக வேண்டும், அது நல்லதில்லை, தொழுகைக்குக் கழுவிய உளூ முறிந்துவிட்டது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போகலாம், பள்ளிக்குள் இருந்துகொண்டு பொய்யா? அல்லது போனை எடுத்துக் காதில் வைத்து ஓம் என்று ஒரு எழுத்து, அவனுக்கு அது போதும், குத்பாவில் கதைத்தால் ஜும்ஆவின் நன்மை போய்விடும், போகட்டும் என்று ஒரு மனிதன் நினைக்கலாம், எத்தனையோ பேர் நினைக்கிறார்கள், என்னைத் தடுப்பது அல்லாஹ்வின் பயம்தான் என்றால் நெஞ்சில் கொஞ்சம் நிம்மதியாவது இருக்கும். அது இல்லை, தூணில் ஒட்டியிருக்கும் என்னுடைய அறிவித்தல்தான் தடுக்கிறது, போன மாதம் ஸஜாத்தின் போன் அடித்தபோது எல்லோர் முன்னாலும் அவனை நிறுத்திக் கேட்டேனே, எழுதியிருக்கிறது கண் தெரியாதா என்று, அந்தப் பையன் இரண்டு வரிசைக்குப் பின்னால்தான் இருக்கிறான். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. கை பைக்குள் போகிறது, விரல் பொத்தானில் படுகிறது, றஊப் காக்கா இப்போது கழுத்தையே திருப்பிப் பார்க்கிறார்… அதிர்வு நின்றுவிட்டது.

ஆறாவது வரவில்லை. மௌலவி உட்கார்ந்து எழும்பி இரண்டாவது குத்பாவைத் தொடங்கிவிட்டார், வரவில்லை, துஆ ஓதுகிறார், ஆமீன் ஆமீன் என்கிறது பள்ளி, நானும் சொல்கிறேன், நெஞ்சின் மேல் அந்தச் சாமான் சும்மா கிடக்கிறது. அடி, அடித்துத் தொலை ரெத்தினம், ஒரு மாதமாக நீ அடித்தபோதெல்லாம் பல்லைக் கடித்தேன், இப்போது அடிக்கலாமே. நின்றதற்கு என்ன அர்த்தம், செத்து முடிந்துவிட்டதா, கேட்க இனி ஒன்றும் இல்லையா? இல்லை… ஒருவேளை… தொழுகைக்கு இகாமத் சொல்கிறார்கள், எழும்புகிறோம், தோளோடு தோள், அல்ஹம்துவுக்குப் பிறகு எந்த ஸூறாவை ஓதினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஸுஜூதில் நெற்றியை வைக்கும்போது மீனைக் காப்பாற்று என்று கேட்கத்தான் நினைத்தேன், பதினொரு மாதம், தொள்ளாயிரம் உயிர், அதைத்தான் கேட்டிருக்க வேண்டும், ஆனால் மனதுக்குள் வந்தது வேறு. யா அல்லாஹ், அவன் என் சொல்லைக் கேட்டிருக்கக் கூடாது. தூ இவனும் இவனுடைய கட்டளையும் என்று துப்பிவிட்டு அவன் கயிற்றை அவிழ்த்திருக்க வேண்டும். இமாம் தலையைத் தூக்கிவிட்டார், நான் இன்னும் கீழே கிடக்கிறேன், றஊப் காக்காவின் முழங்கை இலேசாக இடிக்கிறது, எழும்புகிறேன்.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்து வாய் மூடவில்லை, போன் கையில், அந்த அறிவித்தலுக்கு நேரே, ஐந்து தவறிய அழைப்பு, செய்தி ஒன்றுமில்லை, அவனுக்குத் திருப்பி அழைத்தேன். றஊப் காக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார், என்ன காலிதீன், ஊட்டுல எல்லாரும் சொகமா என்று கேட்கிறார், பயந்து போய்த்தான் கேட்கிறார் மனிசன், இவ்வளவு நேரமும் அதற்காகத்தான் பார்த்திருக்கிறார் போல, நான் தலையை ஆட்டுகிறேன். மணி போகிறது. இந்த ஒரு மாதமும் நான் எப்போது அழைத்தாலும் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவான், சொல்லுங்க சேர் என்று, இப்போது நாலு, ஐந்து… எடுத்தால் என்ன சொல்வான், உங்களக் கேக்காம ஒண்டும் செய்யல்ல சேர் என்று சொன்னால்? அந்த மூட்டையைக் கண்ட அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மணி இவ்வளவு நீளமாகப் போகாது, அதுமட்டும் நிச்சயம். ஏழு, எட்டு. பள்ளி கலைந்து ஆட்கள் என்னைச் சுற்றிப் போகிறார்கள், நான் நடுவில் நின்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருக்கிறேன், எடுக்காதே, எடுக்காதே மச்சான், இரண்டு கையிலும் கயிறு இருக்கட்டும்.