வெயில்காரர் வரக்கூடாது

கென்சாகு திட்டம் போட உட்கார்ந்தால் கடிகாரத்துக்கே மூச்சு முட்டும். மியாசாக்கி நகரத்துப் பேருந்துகளுக்கு முப்பது வருடமாக நேர அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிற மனிதர். பிப்ரவரியில் மனைவி சாயோகோவோடு வடகோடியில் பனி கொட்டுகிற சப்போரோவுக்குப் போய்வருவது இரண்டே இரவு, மூன்று பகல்தான். அதற்கே எட்டுப் பக்கத்துக்குக் கையேடு தயாராகிவிட்டது. அட்டையில் அவரே வரைந்த பனிமனிதன், பார்ப்பதற்கு உருளைக்கிழங்கு மாதிரி இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் அடியில் கணப்பு வைத்த மேசையைச் சுற்றிய போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் சாயோகோவின் தங்கை மிதோரி. ஆரஞ்சு தின்ன வந்தவள் திட்டத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

சாயோகோ கையேட்டைச் சத்தமாகப் படித்தாள். "9.10 விமான நிலையம். 9.25 கழிவறை. 9.31 சோதனை வரிசை. ஏங்க, ஆறு நிமிஷத்துல முடிச்சுட்டு வந்துடணுமா?"

"நாலு போதும். உனக்காகத்தான் ரெண்டு சேர்த்துப் போட்டிருக்கேன்" என்றார் கென்சாகு.

"அத்தான், வரிசை நீளமா இருந்தா?" என்றாள் மிதோரி.

"அதுக்குப் பின்னிணைப்பு இருக்கு. ஏழாம் பக்கம்."

சாயோகோ சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். மிசோ ராமென் நூடுல்ஸ், நண்டு, பால் ஐஸ்கிரீம் என்று ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு. இரண்டாம் நாளுக்கு வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. '14.40: பூங்காவில் பனி விழுவதைப் பார்த்தல். இருபது நிமிடம்' என்று இருந்தது.

இந்தப் பயணமே அதற்காகத்தான். சாயோகோவுக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் பனைமர வரிசையும் கடலும் உள்ள மியாசாக்கியில். தரையில் கிடக்கிற பனியைப் பார்த்திருக்கிறாள். வானத்திலிருந்து விழுகிற பனியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதன் அடியில் நின்று சட்டைக்கையில் ஒரு பனித்துகளை வாங்கிப் பார்க்க வேண்டும். வேறு எதையும் அவள் இவ்வளவு காலம் விடாமல் கேட்டதில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதற்காகவே பனிமலைப் பகுதியான நாகானோவுக்குப் போனார்கள். இறங்கிய நிமிடத்திலிருந்து கிளம்புகிற நிமிடம் வரை வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. "நேத்து வரைக்கும் கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சும்மா. உங்கள்ல யாரோ வெயில்காரர் இருக்காரு போல" என்றாள் விடுதிக்காரி.

யாரோ என்ன யாரோ? கென்சாகுதான். சிலர் போகிற இடமெல்லாம் மழை கூடவே வரும், அவர்கள் மழைக்காரர்கள். சிலர் போனால் மேகம் வழிவிடும், அவர்கள் வெயில்காரர்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் தன்னை இரண்டில் ஒன்றாகச் சொல்லிவிடுவார்கள், சிரித்துக்கொண்டே சொன்னாலும் நம்பித்தான் சொல்வார்கள். கென்சாகுவின் அலுவலகத்தில் பூத்த செர்ரி மரத்தடியில் நடக்கும் செர்ரிப்பூ விருந்துக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் "வெயில்காரர் வருவார்தானே?" என்று கேட்டு வைத்துக்கொள்வது வழக்கம்.

சாயோகோ கையேட்டை மூடினாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னாள்.

"நீங்க வர வேண்டாங்க. நானும் மிதோரியும் போறோம்."

கென்சாகுவின் கையில் உரித்த சுளை அப்படியே நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்தா வெயிலடிச்சுடும். எனக்கு இன்னொரு நாகானோ வேண்டாம்."

அவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தலையை ஆட்டிவிட்டுப் பென்சிலை எடுத்து, பக்கம் பக்கமாகத் தன் பெயரை அடித்து மிதோரியின் பெயரை எழுத ஆரம்பித்தார். நண்டு என்று இருந்த இடத்தில் மட்டும் பென்சில் கொஞ்ச நேரம் தயங்கியது.

மிதோரிக்கோ தலைகால் புரியவில்லை. புதுக் கோட்டு, பூட்ஸ் வரைக்கும் மனதுக்குள் வாங்கி முடித்துவிட்டாள். அந்தக் குஷியில் வாய் நழுவியது.

"அத்தானா வெயில்காரர்? நல்ல கதையா இருக்கே. எங்க வீட்டுக்காரரு அத்தானோட மீன் பிடிக்கவே போறதில்ல தெரியுமா? போன ஒவ்வொரு தடவையும் தொப்பலா நனைஞ்சுதான் வந்திருக்காரு."

"மீன்பிடிக்கப் போறப்ப மட்டும் அப்படி இருக்கும்" என்றாள் சாயோகோ.

"கோல்ஃப்? ரெண்டு தடவையும் புயல். ஒசாக்காவுல அத்தானோட நண்பர் கல்யாணம்? மணப்பொண்ணு குடையோட நிக்கிற போட்டோ இருக்கு. நீ எதுக்கும் போகல."

சொல்லி முடித்த பிறகுதான் மிதோரிக்கு உறைத்தது. ஆரஞ்சை வாயில் அடைத்துக்கொண்டாள், கொஞ்சம் முன்னாலேயே அடைத்திருக்கலாம்.

சாயோகோ விரல்விட்டு எண்ணினாள். செர்ரிப்பூ விருந்துகள், நாகானோ, மகனின் விளையாட்டு விழாக்கள் என்று வெயிலடித்த நாள் எல்லாவற்றிலும் அவளும் இருந்தாள். அவள் இல்லாத நாளில் ஒன்றுகூட வெயிலாக இல்லை. மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் வெயில்காரின்னு உங்களுக்குத் தெரியுமா?"

கென்சாகு பென்சிலின் முனையை ஆராய்ந்தார். "முதல் வருஷம் விருந்து ஏற்பாடு என் பொறுப்பு. ஒரே மழை. அடுத்த வருஷம் நம்ம கல்யாணமாயிடுச்சு, நீ வந்த, வெயிலடிச்சுது. மேனேஜர் என் முதுகுல தட்டி வெயில்காரர்னாரு. பேர் வாங்கியாச்சு, திருப்பிக் குடுக்க முடியல."

"அதனாலதான் வருஷா வருஷம் நீ வந்தே ஆகணும்னு நின்னீங்களா? நான் என்னமோ என்மேல ஆசைன்னு நெனச்சு விடியக்காலைல எழுந்து முப்பது வருஷமா சாப்பாட்டு டப்பா கட்டியிருக்கேன்."

"டப்பாவும் நல்லாத்தான் இருந்துச்சு."

மிதோரிக்குப் புரையேறியது. சாயோகோவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது, இரண்டுக்கும் அடியில் துக்கமும் வந்தது. தான் போகிற இடத்தில் பனி விழாது. இந்த ஜென்மத்தில் அவள் பார்க்கப்போவதில்லை. கையேட்டைப் புருஷன் பக்கம் தள்ளினாள்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நீங்கதான் மழைக்காரர். நல்லா கொட்டும். படம் பிடிச்சுட்டு வாங்க, பார்த்துக்கிறேன்."

"நீயும் வா" என்றார் கென்சாகு.

"நான் எதுக்கு? வெயிலுக்குத்தானே என்னக் கூட்டிட்டுப் போவீங்க. அங்கதான் வெயில் வேண்டாமே."

"வேண்டாம்தான்" என்றார் அவர். காது மடல் சிவந்துவிட்டது. "நீ வா."

முப்பது வருடத்தில் இந்த மனிதர் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாயோகோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, வானம் நீலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லத் தோன்றுகிற அளவுக்குச் சந்தோஷம். ஆனால் சொல்லவில்லை. பனியை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அவர் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ரெண்டு ராத்திரி பத்தாதுங்க. நாலு போடணும். என் வெயிலும் உங்க மழையும் அடிச்சுக்கிட்டு ஓயவே ரெண்டு நாள் ஆகும்."

"அப்ப மொத்தத்தையும் முதல்லேர்ந்து மாத்திப் போடணுமே" என்றார் கென்சாகு. அதைவிடச் சந்தோஷமான வேலை அவருக்கு உலகத்தில் கிடையாது.

"போடுங்க. அந்த இருபது நிமிஷத்துக்கு மட்டும் மணி எழுதாதீங்க" என்றாள் சாயோகோ. "எப்ப விழுதோ அப்ப நிப்போம்."