மூணேகால் லிட்டர்

சவூதியில் தம்மாம் நகரத்து வண்டிப் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். இதில் பொய் இல்லை. என்ன வேலை என்று பெண் பார்க்கப் போன அன்று மாமனார் கேட்டபோதுதான் வாயில் மெக்கானிக் என்று வந்துவிட்டது. உண்மையில் அந்தப் பட்டறை மெஸ்ஸில் நாற்பது பேருக்குச் சோறு பொங்கிப் போட்டவன் நான். கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகியும் மனைவி டெல்சியிடம் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

நான் ஊரோடு வந்துவிட்ட பிறகு அவள் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கினாள். இரணியல் ரோட்டில் போகும்போது அது கியருக்குக் கியர் குலுங்கியது.

“கியர் ஆயில் மாத்தணுமாம். வீட்டுல மெக்கானிக்க வச்சிட்டு எதுக்கு வெளிய கொண்டு போகணும்?” என்றாள்.

நான் செல்போனில் ஒரு வீடியோவை ஒன்பது தடவை பார்த்தேன். தக்கலை கடையில் போய், “ஆட்டோ கியர் ஆயில் நாலு லிட்டர்” என்று தோரணையாகக் கேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு ராஜகுமார் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தான். “அடுத்தது எனக்க வண்டியாக்கும். இப்பமே சொல்லிப் போட்டேன் அண்ணே,” என்றான்.

இரும்பு ஸ்டாண்டுகளில் ஏற்றிய வண்டிக்கு அடியில் நுழைந்து போல்ட்டைத் திருகினேன். சரியான போல்ட்தான். பழைய ஆயில் சிவப்பாக இறங்கிப் பேசினில் விழுந்தது. ஒரு சொட்டைத் தொட்டுத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனேன். லேசாக அடிபிடித்த வாசனை.

“எவ்வளவு எறங்கிச்சோ அவ்வளவுதான் ஊத்தணும்னு வண்டி புக்குல போட்டிருக்கு. அளக்கணும்,” என்றாள் டெல்சி.

“எதுக்கு அளக்க? மூணேகால் லிட்டர் இருக்கும்.”

அவள் கணக்கு டீச்சர். லிட்டர் பாட்டிலை எடுத்து வந்து அளந்தாள். மூன்று பாட்டில் நிறைந்து நாலாவது கால் பாட்டிலில் நின்றது. ராஜகுமார் கை தட்டினான். டெல்சி தட்டவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

புது டப்பாவைத் திறந்து புனலில் சாய்க்கப் போனேன்.

“நில்லுங்க. வந்தது சிவப்பு. இது கருப்பட்டிப் பாகு கணக்கா இருக்கு.”

“கல்ஃபுல எல்லாம் இதுதான்.”

அவள் டப்பாவைப் பிடுங்கித் திருப்பினாள். அதில் ஒரு ஆட்டோரிக்‌ஷா படம் சிரித்துக்கொண்டிருந்தது.

“என்ன கேட்டு வாங்குனிய?”

“ஆட்டோ கியர் ஆயில்.”

பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போயிருப்பேன். டெல்சி ராஜகுமார் பக்கம் திரும்பினாள்.

“கடைக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். மாத்திக் குடுத்துட்டாரு. நீங்க போயிட்டுப் பொறவு வாங்க.”

அவன் போய் மறைந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எந்த மெஸ்ஸுல சமையலு?”

“எப்பிடி...?” என்றேன்.

“மெக்கானிக்கு அளந்து பாப்பான். பாத்திரத்த எட்டிப் பாத்து அளவு சொல்லுகது சமையக்காரனாக்கும். போதாததுக்கு கொழம்பு மாதிரி மோந்து வேற பாக்குதிய.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்பது பேர், இரண்டு அண்டா, வெள்ளிக்கிழமை பிரியாணி, ஒன்று விடவில்லை. கோபப்படுவாள், அப்பன் வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பொய் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

“ஒவ்வொரு லீவுக்கும் வந்து உப்பு கூடிப் போச்சு, புளி கொறஞ்சு போச்சுன்னு எனக்க கையால தின்னியளே. பதினஞ்சு வருஷத்துல ஒரு நாளு, ஒரு சாயா போட்டுத் தந்தியளா?”

நான் அந்த ஆட்டோ டப்பாவை இறுக்கி மூடினேன்.

டெல்சியே ஸ்கூட்டரில் தக்கலைக்குப் போய்ச் சரியான சிவப்பு ஆயில் வாங்கி வந்தாள். புத்தகத்தை மடியில் வைத்து, மூணேகால் லிட்டர் அளந்து ஊற்றினாள். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தாள். வண்டி துளிகூடக் குலுங்கவில்லை.

மறுநாள் ராஜகுமார் தன் காரோடு வாசலில் நின்று ஹாரன் அடித்தான். “அண்ணன் இல்லியா?”

“அவரு கைவேலையா இருக்காரு. வண்டிய உள்ள விடுங்க, நான் பாக்கேன்,” என்றாள் டெல்சி.

நான் அடுக்களையில் அயலை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.