முறிந்த விரதம்

இராஜம்மாவுக்குக் கரு கலைந்தபோது நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தரித்த கரு. பிள்ளை நிலைக்க வேண்டும் என்று அவளும் புருஷன் அய்யாவுவும் தைப்பூச விரதம் எடுத்திருந்தார்கள். அய்யாவு பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளம் போடும் கூலி. பத்துமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, இருவரும் மச்சம் மாமிசம் தொடாமல் ஒருவேளைச் சோற்றில் இருந்தார்கள்.

பிள்ளை போன பிறகும் அவள் விரதத்தை விடவில்லை. அந்த ஒருவேளைச் சோறும் குறைந்து வெறும் கஞ்சித் தண்ணீரானது. எழுந்தால் கண் இருட்டியது. உதடும் நகமும் வெளுத்துப்போயின.

மருத்துவச்சி தனலெட்சுமி வந்து அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"உடம்புல ரத்தமே இல்லடி. ஈரல் தின்னு, முட்டை தின்னு, முருங்கைக்கீரை தின்னு. தீட்டுப்பட்ட உடம்புக்கு ஏது விரதம்?"

இராஜம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தனலெட்சுமி வாசலுக்கு வந்து அய்யாவுவிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "இப்படியே விட்டா இவளையும் தூக்கிக் கொடுத்துட்டு நிப்ப."

அய்யாவு பாசாரிலிருந்த இறைச்சிக் கடைக்கு ஓடினான். ஆட்டு ஈரல் வாங்கிவந்து, மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுத் தானே வறுத்தான். அடுப்பு வேலை தெரியாததால் ஓரமெல்லாம் கருகிவிட்டது. சோற்றில் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு வாய், இராஜம்மா. உன் கால்ல விழறேன்."

"வேணாம். நான் தின்னுதான் பிள்ளை செத்துச்சு."

அவனுக்குப் புரியவில்லை. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதபடி சொன்னாள்: "பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா கருவாடு சுட்டாங்க. அந்த வாசம் என்னை விடலைங்க. ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்னேன். விரதத்துல தின்னேன். முருகன் பிடுங்கிக்கிட்டான்."

அய்யாவு தட்டைக் கீழே வைத்தான். காவடி அவன் வாயால் சொன்ன வேண்டுதல். அதை மீற அவனுக்கும் பயம்தான். ஆனால் எதிரே கிடந்தவளின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"கருவாடு கேட்டது நீயா? உன் வயித்துல இருந்தது கேட்டுச்சு. பிள்ளை ஆசைப்பட்டதைக் கொடுத்ததுக்கா முருகன் கோவிச்சுக்குவான்?"

அவன் தட்டிலிருந்த ஈரல் துண்டு ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றான். அவள் பதறி எழுந்து அவன் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க! காவடி?"

"இனி ஏது காவடி? பாவம்னா நமக்கு ரெண்டு பேருக்கும். நீ இருந்தாப் போதும்."

அவன் ஒரு கவளம் உருட்டி நீட்டினான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயைத் திறந்தாள். முதல் கவளம் குமட்டிக்கொண்டு வெளியே வந்தது. அவன் துடைத்துவிட்டு அடுத்ததைச் சிறிதாக உருட்டினான். அது தங்கியது.

பிறகு தினமும் அதே போராட்டம். ஒருநாள் தின்பாள், மறுநாள் அழுதுகொண்டு தட்டைத் தள்ளிவிடுவாள். வேலைக்குப் போகுமுன் அவன் ஊட்டிவிடுவான். பகலில் மாரியாயி கீரைச் சாறு கொடுத்துக் குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். சுவரைப் பிடித்து நடந்தவள், மெல்ல மெல்லக் குழாயடிவரை தனியாகப் போய்வரத் தொடங்கினாள். மனசு மட்டும் ஆறவில்லை. குழந்தை அழும் சத்தம் எங்காவது கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவனுக்கு வேலையில்லாத ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

அய்யாவு அவசரமாகச் சோற்றுப் பானையை எடுக்க உள்ளே போனான். அங்கேயே சுவரில் சாய்ந்து, அவளுக்குக் கேட்காமல் அழுதான்.