பிறர் தொட்டிலில் பிறப்பவர்

வேல்முனைகளை நட்டாற்போல் நிற்கும் சூளகிரிக் குன்றுகளின் உச்சியில் இளவெயில் ஏற, கீழே பெருஞ்சாலையில் சரக்கு வண்டிகள் எறும்பு நிரையென ஓசூர் நோக்கி ஊர, தக்காளித் தோட்டங்களை விழுங்கி எழுந்த ஆலைகளின் புகை, பனியினின்று பிரித்தறிய ஒண்ணாது படர்ந்த மாசித் திங்கள் காலை அது. கற்றறிந்தீர், உங்கள் கண்களை ஏரிக்கரைக்குத் திருப்புங்கள். ஆலைக்கழிவால் நுரைத்துக் கிடந்த நீரருகே, புங்கமரத்தடியில், மனைவி காவேரியின் மன்றாட்டுக்கும் இணங்காது உணவு துறந்து, வடக்கிருந்த பண்டையோர் போல் அமர்ந்திருந்தார் தீர்த்தகிரி என்னும் உழவர். ஏரியில் கழிவு கலப்பது நிற்கும்வரை உண்ணேன் என்பது அவர் சூள்.

கிருஷ்ணகிரி மருத்துவமனையில் பிறந்த தலைமகளோடு வீடு திரும்பிய மணிவேல், கரையடியில் வண்டியை நிறுத்தினான். குழவியின் நாவில் முதன்முதல் இனிப்பு நீர் தொட்டு வைப்பவரின் இயல்பே அதற்கு வாய்க்கும் என்பது அப்பக்கத்தார் நம்பிக்கை. ஊரில் பொய்யறியாதவர் தனக்கு மாமன் முறையாகும் தீர்த்தகிரியே என்று தெளிந்து, மனைவி ஜெயப்ரியா சூலுற்றபோதே அவ்வுரிமையை அவருக்கு அளித்திருந்தான். ஜெயப்ரியா குழந்தையோடும் வெல்லநீர்க் கிண்ணத்தோடும் வண்டியில் காத்திருக்க, அவன் மட்டும் கரையேறினான்.

“பொண்ணாமே! கொண்டா மாப்ள எம் மருமவள,” என்று உலர்ந்த உதடு வெடிக்கச் சிரித்தார் தீர்த்தகிரி. “நான் தொட்டு வச்சா என்னாட்டமே வாயாடியாத்தான் வருவா. அப்பறம் சண்டைக்கு நிக்கறான்னு எங்கிட்ட வந்து அழுவக் கூடாது.”

குழிந்த அக்கண்களில் அச்சம் சிறிதுமில்லை. அதுவே மணிவேலை நடுக்கியது. என்றோ ஒரு நாள், ஏதோ ஓர் அறத்தின் பொருட்டுத் தன் மகளும் இவ்வாறே வற்றி அமர்ந்திருக்க, தான் சோற்றுத் தட்டேந்தி மன்றாடி நிற்பதாக ஒரு தோற்றம் அவன் நெஞ்சில் விழுந்தது.

“டாக்டரு ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னுட்டாரு மாமா.”

மருத்துவர் அவ்வாறு ஏதும் உரைக்கவில்லை.

தீர்த்தகிரி அவனையே நெடிது நோக்கினார். “அதுஞ் சரிதான். நல்லா பாத்துக்க.”

வண்டிக்கு மீண்டவனிடம், “ஏங்க, நான் எறங்கி வரட்டா?” என்றாள் ஜெயப்ரியா.

“வாணாம். அவருக்கு முடியல.”

வீட்டில் அவள் தம்பி அஜித்குமார் இனிப்பு நீர் தொட்டு வைத்தான். ஆலையில் மேலாளர் சொல்லை மறுத்தறியாதவன் அவன். “என்னாட்டம் ஷிப்டுக்கு ஒழுங்கா போற புள்ளயா வரும் மச்சான்,” என்று நகைத்தான்.

“வரட்டும்,” என்றான் மணிவேல்.

அக்கிழமை முடியுமுன் தீர்த்தகிரி இறந்தார். ஏரியின் நுரை அடங்கவில்லை. அவர் வீட்டுத் தலைவாயிலில் தயங்கிய மணிவேலைக் கண்ட காவேரி, இரு மக்களையும் மடியில் அணைத்தபடி, அழுது தேய்ந்த குரலில் சொன்னாள்:

“உள்ள வாடா. அவரு உன்னத் திட்டல. ‘மாப்ள பயந்துட்டான் காவேரி. எம் புள்ளைங்களுக்காவ எனக்கு அந்தப் பயம் வரலியே’ன்னு அழுதாரு. அப்பவாவது ஒரு வாய் கஞ்சி குடின்னேன். வாயத் தொறக்கல.”

சான்றோர் பிறக்க வேண்டும், ஆனால் பிறர் தொட்டிலில் பிறக்க வேண்டும் என்று உள்ளூர வேண்டாத தந்தை இவ்வுலகில் யார் உளர்? அவ்வேண்டுதல் பலித்த அந்தப் பிறர் வீட்டினுள், தலைகுனிந்து நுழைந்தான் மணிவேல்.