சீமாட்டியின் முதுகு

சீமாட்டி என்னைத் தவிர யாரையும் முதுகில் ஏற்றாது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன். சீமாட்டி எங்கள் பெண் குதிரை. விருந்தாளிகளைக் குதிரைகளில் ஏற்றி மலைப்பாதையில் கூட்டிப்போய், ஓர் இரவு கூடாரத்தில் தங்கவைத்து, மறுநாள் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் எங்கள் குடும்பத்தின் பிழைப்பு. வரிசைக்கு முன்னால் எப்போதும் சீமாட்டி, அதன் மேல் நான்.

அப்புறம் குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். குதிரையிலிருந்து விழுந்திருந்தாலாவது வெளியே சொல்ல ஒரு கௌரவம் இருந்திருக்கும்.

நான் படுத்ததும் சீமாட்டியை என் ஓரகத்தி எடுத்துக்கொண்டாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நேற்று வந்தவள். அவளைக் குதிரை தள்ளிவிட்டது என்ற செய்திக்காகக் கட்டிலில் கிடந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். பெரிய அடியெல்லாம் வேண்டாம், முழங்கையில் ஒரு சிராய்ப்பு போதும். அந்தச் செய்தி வரவே இல்லை.

கால் தேறி முதல் தடவை கிளம்பியபோது எனக்குக் கொடுத்தது மூட்டையை. பேருக்கேற்ற குதிரை. சட்டி பானைகளைச் சுமந்துகொண்டு கடைசியில் அசைந்து அசைந்து வரும்.

“இந்தத் தடவை பின்னால வா. கால் எப்படி இருக்குன்னு பாத்துட்டு, இந்த சீசன்ல யாரு முன்னால போறதுன்னு முடிவு பண்ணலாம்,” என்றார் என் வீட்டுக்காரர்.

இதில் முடிவு பண்ண என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

வழியெல்லாம் கண்கொத்திப் பாம்பாக அவளையே பார்த்துக்கொண்டு போனேன். என் சேணம். அவளுடைய நீளக் கால்களுக்காக, பாதம் மாட்டும் அங்கவடிகளை இறக்கிவிட்டிருந்தாள். ஓடையில் இறங்குமுன் சீமாட்டியின் கழுத்தைத் தடவி நாலு வார்த்தை கொஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் கால் வைக்காது. எனக்கு மட்டுமே தெரிந்த வித்தை அது. அவள் தடவவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினாள், அவ்வளவுதான். சீமாட்டி சலசலவென்று இறங்கிப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. மூட்டை நடு ஓடையில் நின்று சாவகாசமாகத் தண்ணீர் குடித்தது.

சாயங்காலம் கூடாரம் போட்டோம். சேணங்களை இறக்கி, வியர்வை துடைத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிற்றில் குதிரைகளைக் கட்டினோம். அவள் சீமாட்டியின் குளம்புகளைத் தூக்கித் தூக்கி, கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அந்தக் குதிரைக்கு அவங்கன்னா உயிர் போலிருக்கே,” என்றார் விருந்தாளியாக வந்த பல் டாக்டர். மனுஷன் பல்லோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

“அது நான் பழக்கின குதிரை,” என்றேன். அவர் அதைக் கேட்கவேயில்லை.

காலையில் வரிந்துகட்டிக்கொண்டு போய் நின்றேன். “இன்னைக்கு சீமாட்டியை நான் எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்கோங்கக்கா. உங்க குதிரைதானே,” என்றாள். சொன்னதோடு விடாமல், அங்கவடி வாரை என் பழைய துளைக்கே இழுத்து மாட்டினாள். எந்தத் துளை என்று என்னைக் கேட்கவில்லை. மகராசி ஒரு வார்த்தை முணுமுணுத்திருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன்.

ஏறினேன். சீமாட்டி ஒரு காதைக்கூடத் திருப்பவில்லை. சரளைக்கல் சரிவில் பிசகாமல் இறங்கியது. ஒரு கனைப்பு, ஒரு சிலுப்பல், ஏதாவது வரும் என்று பார்த்தேன். முரண்டு பிடித்திருந்தாலும் சந்தோஷம்தான், இத்தனை நாள் எங்கே போனாய் என்று கோபித்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டிருப்பேன். ஓடை வந்தது. வேண்டுமென்றே கழுத்தைத் தொடாமல், வாயைத் திறக்காமல், குதிகாலால் ஒரு தட்டு. இறங்கிப் போனது. நேற்றைவிட ஓர் இம்மி நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. இத்தனை வருஷமாக நான் யாரைக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்?

“பரவாயில்லையே, கால் நல்லாத்தான் இருக்கு. இனிமே நீயே முன்னால போ,” என்றார் வீட்டுக்காரர், அக்கரையில்.

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. உப்புச்சப்பில்லாமல் வந்தது.

மற்றவர்கள் கரையேறும்வரை நின்றோம். மூட்டையின் மேல் அவள் என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். எட்டிச் சீமாட்டியின் மூக்கருகே கையை நீட்டினாள். அது மோந்து பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை என்றதும் புல்லுக்குத் திரும்பியது.

“வழியில என்னைத் தேடவே இல்லையாக்கா?” குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

தேடியது என்றால் அவளுக்கு ஆறுதல். தேடவில்லை என்றால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

“உன்னையும் தேடலடி,” என்றேன்.